கலிங்கின் நான்கு போல்ட்டுகள்

ஏப்ரல் 8, திங்கள்

நாளை அணை ஆய்வு. கர்ட் மத்தியானத்திலிருந்து ஸ்பேனரைத் தேடிக்கொண்டிருந்தான். "நீதான் எங்கயோ எடுத்து வச்சிருக்கே" என்று என்மேல் பழி. முப்பத்தொரு வருடத் தாம்பத்தியத்தில் நான் ஒரு ஸ்பேனரையும் தொட்டதில்லை. கடைசியில் அவனுடைய தூண்டில் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. மன்னிப்பா? அதெல்லாம் கிடையாது.

ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாநில அணைப் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து ஆள் வரும். ஒரு வாரம் முன்பே கடிதம் போட்டுவிடுவார்கள், நல்லவர்கள். எங்கள் ஸ்டட்லர் ஏரிச் சங்கத்தில் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. ஏரி நிறைந்தால் உபரித் தண்ணீர் வழியும் கலிங்கின் குறுக்கே இருக்கும் கம்பித் தடுப்பை ஆய்வு நாள் காலையில் கழற்றுவோம். ஆய்வாளரின் கார் நெடுஞ்சாலை ஏறியதும் மாட்டுவோம். மொத்தம் நான்கு போல்ட். தடுப்புக்கு அனுமதி கிடையாது, குப்பை அடைத்துக்கொள்ளுமாம். ஏரி வழியும்போது பாசி தின்னும் புல்கெண்டை மீன்கள் தண்ணீரோடு போய்விடாமல் இருக்கத்தான் அந்தத் தடுப்பு. அவை போய்விட்டால் பாசி ஏறிவிடும், படகு விட முடியாது, அப்புறம் இந்த நாற்பத்திரண்டு வீட்டுக்காரர்களும் எதற்காக ஏரிக்கரையில் வீடு வாங்கினார்கள்?

எழுதிப் பார்க்கும்போதுதான் எவ்வளவு பெரிய கூத்து என்று தெரிகிறது. பன்னிரண்டு வருடமாக நான் செயலாளர். இது எனக்கு மூன்றாவது ஆய்வு.

ஏப்ரல் 9, செவ்வாய்

காலை ஓட்டம் முடிந்து பள்ளிக்கூட பஸ்ஸைக் கொட்டகையில் விட்டுவிட்டு நேரே அணைக்கு ஓடினேன். இந்த முறை வந்தது ஒரு பெண், ஜோவன்னா ப்ரூயிட். முப்பத்தைந்து வயதிருக்கும். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கையில் ஒரு நீளக் கம்பு. கரையை மேலும் கீழும் அவள் நடந்த நடைக்கு எங்கள் தலைவர் மில்ட் கார்வருக்கு மூச்சு வாங்கியது.

கலிங்குக்குள் இறங்கிக் குனிந்தாள். கான்கிரீட்டில் போல்ட் துளையைச் சுற்றி விரலால் தடவினாள். சுற்றிலும் துரு, அந்த இடம் மட்டும் பளபளவென்று.

"இங்க ஏதாவது மாட்டியிருந்தீங்களா?"

"எப்பவோ இருந்துச்சு" என்றான் கர்ட்.

"எப்பவோன்னா? இன்னைக்குக் காலையிலயா?"

மில்ட் சத்தமாகச் சிரித்தார். அவர் மட்டும்தான் சிரித்தார்.

பிறகு அவள் கரைமேல் நின்று கீழே பார்த்தாள். ஓடையை ஒட்டி ஒரு டிரெய்லர் வீடு. போன அக்டோபரில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். "அதுல யார் இருக்காங்க?" மில்ட் தோளைக் குலுக்கினார். எனக்குத் தெரியும். கென்ட்ரா, அவளுடைய பிள்ளைகள் ரோமன், ஹேலி. ரோமனுக்குப் பத்து வயது, ஹேலிக்கு ஆறு. தினமும் என் பஸ்ஸில் வருகிறவர்கள். சொன்னேன். மற்ற எதையும் எழுதியதைவிட அதை நிறைய நேரம் எழுதினாள்.

சாயங்காலம் கர்ட் தடுப்பை மாட்டினான். கைக்கடிகாரத்தைக் காட்டி, "பாத்தியா, பத்து நிமிஷம்" என்றான். ஏதோ ஒலிம்பிக் சாதனை.

ஏப்ரல் 12, வெள்ளி

மழை. ஒன்றும் நடக்கவில்லை. ஆனாலும் உட்கார முடியவில்லை. அடுப்பை இழுத்துப் பின்பக்கம் கழுவினேன்.

ஏப்ரல் 26, வெள்ளி

கடிதம் வந்துவிட்டது. நாலு பக்கம். கரையின் நடுப்பகுதி ஒரு அடி தாழ்ந்திருக்கிறது, மண் போட்டு உயர்த்தவேண்டும். கரையடியில் முளைத்த மரக்கன்றுகளை வெட்டவேண்டும். இதெல்லாம் ஒவ்வொரு தடவையும் சொல்வதுதான், நாங்களும் ஒவ்வொரு தடவையும் தலையாட்டுவதுதான்.

புதிதாக இரண்டு. ஒன்று, அணையின் வகை மாற்றப்படுகிறது. இதுவரை 'உடைந்தால் சொத்துச் சேதம்.' இனிமேல் 'உடைந்தால் உயிர்ச்சேதம்.' இரண்டாவது, கலிங்கில் எந்தத் தடுப்பும் இல்லை, இனிமேலும் மாட்டப்படாது என்று செயலாளர் எழுத்தில் உறுதி தரவேண்டும். கூடவே கீழே குடியிருப்பவர்களின் தொலைபேசி எண், ஆபத்தென்றால் யார் யாரைக் கூப்பிடுவது என்ற பட்டியல், அவர்களிடம் விஷயத்தைச் சொல்லியாயிற்று என்று ஒரு கட்டம்.

செயலாளர் நான்தான்.

மில்ட்டுக்கு ஃபோன் செய்தேன். "அணை பாட்டுக்கு அம்பது வருஷமா சும்மா கெடக்கு. எவளோ ஒருத்தி வீட்டைக் கொண்டாந்து கீழ வச்சா. உடனே அணை கொலைகாரனாயிடுச்சா?" என்றார். எனக்கும் சிரிப்பு வந்தது. ஃபோனை வைத்த பிறகும் சிரிப்பு நிற்கவில்லை என்பது வேறு விஷயம், அது நல்ல சிரிப்பாக இல்லை.

ஏப்ரல் 29, திங்கள்

சங்கக் கூட்டம். காபி, யாரோ கொண்டுவந்த ருபார்ப் கேக், நிறைய சத்தம். மே 27 விடுமுறை அன்று பிள்ளைகளுக்கான மீன்பிடிப் போட்டி. இப்போதுதான் ஏரியில் புதுக் கெண்டை விட்டிருக்கிறோம். தடுப்பைக் கழற்றினால் ஒரு பெரிய மழையில் பாதி மீன் ஓடையில்.

தீர்மானம்: போட்டி முடிந்ததும் கழற்றுவது. எல்லாரும் கை தூக்கினோம், நானும். ஆனால் கடிதத்துக்குக் கெடு மே 6.

"அதுக்கென்ன, கழட்டியாச்சுன்னு எழுதிடு. மூணு வாரத்துல நெஜமாவே கழட்டத்தானே போறோம்? தேதிதான் கொஞ்சம் முன்ன பின்ன" என்றார் மில்ட்.

"மழை வந்துச்சுன்னா?" என்று கேட்டேன்.

கர்ட் கையைத் தூக்கினான். "நான் இருக்கேன்ல? பத்து நிமிஷ வேலை."

எல்லாரும் கை தட்டினார்கள். நானும் கேக் சாப்பிட்டேன்.

கீழ்வீட்டுக்காரிக்குச் சொல்வது பற்றி நான் கேட்டதற்கு, "வீணா ஏன் பயமுறுத்தணும்? அவ பத்திரிகைக்குப் போவா, அப்புறம் நம்ம வீட்டை எவனும் வாங்கமாட்டான்" என்றார் மில்ட். அதற்கும் ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. நான் உட்பட.

மே 3, வெள்ளி

கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். 'தடுப்பு அகற்றப்பட்டது. கீழே வசிப்போருக்குத் தெரிவிக்கப்பட்டது.' கென்ட்ராவின் எண்ணை என் பஸ் பட்டியலிலிருந்து பார்த்து எழுதினேன். அதுவே தப்பு, பள்ளிக்கூடப் பட்டியலை வேறு வேலைக்குத் தொடக்கூடாது. இத்தனை பெரிய பொய்யைச் சொல்லிவிட்டு இந்தச் சின்ன விதிக்கு எனக்கு மனசு குத்துகிறது. என்ன பெண் நான்?

மே 6, திங்கள்

ரோமனும் ஹேலியும் ஏறும் நிறுத்தம் சரியாக அணைக்குக் கீழே. நாலு வருடமாக அந்த வழியாக ஓட்டுகிறேன். அணையை ஒரு நாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை. இன்று பார்த்தேன். பஸ் ஜன்னலிலிருந்து அது எவ்வளவு உயரம் தெரியுமா? எங்கள் வீட்டுப் பக்கமிருந்து பார்த்தால் ஒரு புல்மேடு, அவ்வளவுதான்.

"குட் மார்னிங், மிஸ் ஆர்லீன்" என்றாள் ஹேலி. முன்பல் ஒன்று விழுந்திருக்கிறது. காட்டினாள்.

மே 7, செவ்வாய்

"குட் மார்னிங், மிஸ் ஆர்லீன்."

மே 10, வெள்ளி

கென்ட்ரா இன்று நிறுத்தம்வரை வந்தாள். முதியோர் இல்லத்தில் இரவு வேலை. காலையில் வந்து பிள்ளைகளை அனுப்பிவிட்டுப் படுப்பாள். பிள்ளைகள் திரும்பும்போது தூங்கிக்கொண்டிருப்பாளாம், ரோமன் கழுத்தில் சாவி கட்டியிருக்கிறான். சீருடையோடு, கண் சிவந்து, கையில் காபியோடு நின்றாள்.

"உங்களுக்கு ஒரு தேங்க்ஸ் சொல்லணும்னு இருந்தேன். எங்க ஹேலி எங்க போனாலும் உங்க கதைதான்."

சொல்லவேண்டியது என் நாக்கு நுனியில் இருந்தது. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. கதவை மூடிவிட்டேன். லாரிக்கு நன்றி சொல்லவா, திட்டவா? வீட்டுக்கு வந்து இரண்டு தட்டு கேக் செய்தேன். சாப்பிட யாருமில்லை.

மே 14, செவ்வாய்

வானிலை அறிக்கையை ஒரு நாளில் ஏழு தடவை பார்த்தேன். "வானத்தைப் பார்த்து முறைச்சா மழை பயந்துடுமா?" என்கிறான் கர்ட்.

மே 18, சனி

கர்ட்டுடன் சண்டை. ஆரம்பித்தது பாத்திரம் கழுவுவதில். முடிந்தது எங்கேயோ.

நான் சொன்னேன், "இன்னைக்கே கழட்டிடு. பத்து நிமிஷம்தானே? உன்னோட வாய்ல அதைத் தவிர வேற வார்த்தையே இல்ல, செஞ்சு காட்டு."

"ஒம்பது நாள்ல போட்டி. பொறுக்க முடியாதா உனக்கு?"

"எனக்குப் பொறுக்கலை. கையெழுத்து என்னோடது."

"கையெழுத்துதான் உன் கவலையா?"

 அதில் பாதி உண்மை. அந்தப் பிள்ளைகளை நினைத்துப் பயப்படுகிறேனா, மாட்டிக்கொள்வோம் என்று பயப்படுகிறேனா? இரண்டையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

நானே போய்க் கழற்றலாம். ஸ்பேனர் இருக்கும் இடமும் இப்போது தெரியும். போகவில்லை. கரை முழுக்க ஆட்கள், படகுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டு, கை ஆட்டிக்கொண்டு. அத்தனை பேர் முன்னால் எப்படி?

மே 22, புதன்

மாலையிலிருந்து மழை. சாதாரண மழையில்லை. ஒரேயடியாக ஊற்றுகிறது. நாளைக்கும் இருக்கிறதாம்.

மே 24, வெள்ளி

நேற்று எழுத முடியவில்லை.  வரிசையாக எழுதவேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நானே மாற்றிச் சொல்லிவிடுவேன்.

நேற்றுக் காலை அந்த நிறுத்தத்துக்குப் போனபோது ஓடையில் தண்ணீர் குறைவாக இருந்தது. நல்லவேளை என்று ஒரு கணம் நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது. இவ்வளவு மழைக்குக் கலிங்கு கொட்டோ கொட்டென்று கொட்டவேண்டும். கொட்டவில்லை என்றால் அடைத்துக்கொண்டிருக்கிறது. வராத தண்ணீர் எல்லாம் மேலே ஏறிக்கொண்டிருக்கிறது.

பிள்ளைகள் ஏறிவிட்டார்கள். கென்ட்ரா ஜன்னலிலிருந்து கையாட்டினாள். நான் பஸ்ஸை எடுத்துவிட்டேன். அப்போதே சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. ஏன்? கர்ட் கழற்றிவிடுவான் என்று நினைத்தேன். பன்னிரண்டு வருடமாக அவன் கழற்றியதைப் பார்த்திருக்கிறேனே.

எட்டரைக்கு அணைமேல் நின்றேன். தடுப்பே தெரியவில்லை. இலை, கிளை, யாரோ வெட்டிப்போட்ட புல், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, எல்லாம் சேர்ந்து சுவராகிவிட்டது. தண்ணீர் கரைமேட்டுக்கு இரண்டு முழம் கீழே. கர்ட்டுக்கு ஃபோன் செய்தேன்; அவன் வேலை பார்க்கும் தீவன மில்லிலிருந்து கிளம்பி வர மணி பன்னிரண்டு ஆகிவிட்டது. ஸ்பேனரை வைத்துத் திருகினான். போல்ட் அசையவில்லை. ஏரித் தண்ணீர் முழுக்க அந்தச் சட்டத்தை அழுத்திக்கொண்டிருக்கும்போது எந்த போல்ட் அசையும்? ஆய்வு நாளில் தண்ணீரே படாத தடுப்பைத்தான் இத்தனை வருடமும் பத்து நிமிடத்தில் கழற்றினோம்.

"மழை விட்டுடும். ரெண்டு மணிக்குள்ள விட்டுடும்" என்றார் மில்ட். குடையைப் பிடித்துக்கொண்டு.

"நான் ப்ரூயிட்டுக்கு ஃபோன் பண்றேன்."

"பண்ணி? எழுதிக்குடுத்தது பொய்னு சொல்லப்போறியா? கொஞ்சம் பொறு ஆர்லீன்."

பொறுத்தேன். கடவுளே, அதற்கப்புறமும் பொறுத்தேன். இரண்டே காலுக்குப் பஸ் எடுக்கப் போய்விட்டேன். கர்ட் டிராக்டர் கேட்டு யார் யாருக்கோ ஃபோன் செய்துகொண்டிருந்தான்.

மூன்றரைக்கு அந்தச் சாலையின் மேட்டுக்கு வந்தேன். பஸ்ஸில் பதினான்கு பிள்ளைகள். மேட்டிலிருந்து இறங்கினால் நிறுத்தம். அங்கேயே பிரேக் போட்டேன். கரையின் நடுவில், அந்தத் தாழ்ந்த இடத்தில், புல்மேல் பளபளவென்று ஒரு பட்டை. தண்ணீர் கரைதாண்ட ஆரம்பித்துவிட்டது.

"ஏன் நிக்குது?" என்றான் ரோமன். "எங்க அம்மா வீட்ல தூங்குறாங்க."

கென்ட்ராவின் எண்ணுக்கு அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. ஹாரனை விடாமல் அழுத்தினேன். அந்த மழையில் எங்கே கேட்கும்? இறங்கி ஓடவும் முடியாது, பிள்ளைகளைத் தனியே விட்டு ஓட்டுநர் இறங்கக்கூடாது. எல்லா பஸ்ஸுக்கும் பொதுவான ரேடியோவை எடுத்தேன். பள்ளிக்கூட அலுவலகத்தில் பெவ் இருந்தாள்.

"பெவ், பதினேழாம் வண்டி, ஆர்லீன். ஸ்டட்லர் அணை கரை தாண்டுது. கீழ் வீட்டுல ஒரு பொண்ணு தூங்கிட்டிருக்கா, போலீஸை அனுப்பு. சீக்கிரம்."

"கரை தாண்டுதா? அந்த அணையை இப்பத்தானே செக் பண்ணாங்க?"

"கலிங்குல தடுப்பு இருக்கு பெவ். அடைச்சுக்கிச்சு. தடுப்பு இல்லைன்னு நான்தான் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கீழ சொல்லிட்டோம்னும் நான்தான் எழுதினேன். சொல்லலை."

பத்தொன்பது பஸ்களிலும் அது கேட்டது. என் பஸ்ஸிலும் கேட்டது.  ரோமன் மட்டும் எழுந்து வந்து மஞ்சள் கோட்டில் நின்றான். கோட்டைத் தாண்டக்கூடாது என்பது விதி, அவன் தாண்டவில்லை.

"அப்ப எங்க அம்மா?" என்றான்.

 எனக்கு என்ன தெரியும்?

பதினோரு நிமிடம். போலீஸ் வண்டி எங்களைத் தாண்டி இறங்கியது. அந்த ஆள் கதவை உதைத்ததுகூட மேட்டிலிருந்து தெரிந்தது. கென்ட்ரா செருப்பில்லாமல் வெளியே வந்தாள். வீட்டுக்குள் திரும்பி ஓடப்பார்த்தாள், பிள்ளைகள் வந்திருப்பார்கள் என்று நினைத்து. அவர் அவளைத் தூக்காத குறையாக வண்டியில் ஏற்றினார். ஹேலி ஜன்னலைத் தட்டி "அம்மா, இங்க, இங்க" என்று கத்தினாள். நான் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன். பிள்ளைகள் முன்னால் ஓட்டுநர் அழக்கூடாது என்று எழுதியிருக்கிறதா தெரியவில்லை.

அணை உடையவில்லை. அதையும் எழுதவேண்டும். நாலரைக்கு கர்ட்டும் இன்னும் மூன்று பேரும் டிராக்டரில் சங்கிலி கட்டித் தடுப்பைக் கான்கிரீட்டோடு பெயர்த்து இழுத்தார்கள். கரையின் கீழ்ச்சரிவில் ஒரு காரை இறக்கிவைக்கும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. இன்னும் ஒரு மணி நேரம் ஓடியிருந்தால் பள்ளம் மேலேறி ஏரியைத் தொட்டிருக்கும் என்று இன்று காலை ஜோவன்னா ப்ரூயிட் சொன்னாள். கலிங்கில் திறந்துவிட்ட தண்ணீர் டிரெய்லர் வீட்டின் படி வரைக்கும் வந்தது. பிள்ளைகளின் சைக்கிள் இரண்டையும் கொண்டுபோய்விட்டது.

ப்ரூயிட் என் காகிதத்தைக் கொண்டுவந்திருந்தாள். "இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா."

"ஆய்வு அன்னைக்கே எனக்குச் சந்தேகம் இருந்துச்சு. எழுத்துல கேட்டா பொய் சொல்லமாட்டாங்கன்னு நெனைச்சேன்."

திட்டியிருக்கலாம். திட்டவில்லை. கர்ட் முன்னால் வந்து, "போல்ட் மாட்டினது நான். அதையும் எழுதிக்குங்க" என்றான். நேற்றுச் சாயங்காலத்திலிருந்து அவன் பேசிய முதல் வார்த்தை அது.

மே 25, சனி

மதகைத் திறந்து ஏரியைக் காலி செய்யச் சொல்லி உத்தரவு. இந்தப் பள்ளிக்கூட வருடம் முடியும்வரை என்னை ஓட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

மே 27, திங்கள்

மீன்பிடிப் போட்டி இல்லை.

ஜூன் 5, புதன்

மில்ட் வேலிக்கு அந்தப்பக்கம் நின்றே பேசினார். "சொல்றதுதான் சொன்னே. எனக்கோ ப்ரூயிட்டுக்கோ சொல்லியிருக்கலாம். ரேடியோவுல ஊருக்கே சொல்லணுமா?"

"உங்ககிட்ட ஏப்ரல்லயே கேட்டேன் மில்ட்."

"கேட்டே. கையும் தூக்கினே."

உண்மைதான். தூக்கினேன். அந்த ஆளிடம் கோபப்படக்கூட எனக்கு முழு உரிமை இல்லை, அதுதான் எரிச்சல்.

ஜூன் 9, ஞாயிறு

ஏரி இப்போது சேறு. நாற்றம் வீட்டுக்குள் வருகிறது. ஆண்கள் எல்லாம் இடுப்பளவு சேற்றில் இறங்கிப் புல்கெண்டைகளைத் துணி துவைக்கும் தொட்டிகளில் அள்ளிப் பக்கத்துப் பண்ணைக் குட்டைக்குக் கொண்டுபோனார்கள். ஒரு மீன் மில்ட்டின் கன்னத்தில் வாலால் அறைந்தது. யாரும் சிரிக்கவில்லை. நான் வீட்டுக்குள் வந்து சிரித்தேன், பிறகு அதற்காக வருத்தப்பட்டேன், பிறகு மறுபடி சிரித்தேன்.

ஜூன் 13, வியாழன்

கென்ட்ரா வந்தாள்.  உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நீங்க அந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போட்டீங்க. அதுக்கப்புறம் எத்தனை நாள் என் பிள்ளைங்களை அங்க கொண்டாந்து இறக்கிவிட்டீங்க?"

எனக்கு எண்ணவேண்டியிருக்கவில்லை. எத்தனையோ தடவை எண்ணிவிட்டேன்.

"பதிமூணு நாள்."

"ஒவ்வொரு நாளும் தெரிஞ்சுதான்?"

"தெரிஞ்சுதான்."

பதினாலாவது நாள் இறக்கவில்லை என்று சொல்ல வாய் துடித்தது. சொல்லவில்லை. அவளே சொல்வாள் என்று ஒரு கணம் காத்திருந்தேன், வெட்கங்கெட்டவள். அவளும் சொல்லவில்லை.

"நான் தூங்கும்போது ஃபோனை அணைச்சு வச்சிடுவேன். பிள்ளைங்க உங்க பஸ்ல இருக்காங்க, எனக்கென்ன கவலைன்னு" என்றாள். போய்விட்டாள்.

நான் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன். கர்ட் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். "காபி போடவா?" என்று கேட்டான். போடத் தெரியாது அவனுக்கு. போட்டான்.

ஜூலை 15, திங்கள்

சங்கக் கூட்டம். அணையைப் புதிதாகக் கட்ட நமக்குச் சக்தியில்லை, கரையை வெட்டித் திறந்து ஓடையாகவே விட்டுவிடலாம் என்று தீர்மானம். பலர் அழுதார்கள். நானும். அந்த ஏரியில்தான் நான் நீந்தக் கற்றுக்கொண்டேன், நாற்பது வயதில், கர்ட் கையைப் பிடித்துக்கொண்டு.

இரண்டாவது தீர்மானம், ஆர்லீன் ஸ்டக்கியைச் செயலாளர் பதவியிலிருந்து நீக்குவது. ஒருமனதாக நிறைவேறியது. குறிப்பு எழுத ஆளில்லாததால் அதையும் நானே எழுதினேன். ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை.

ஆகஸ்ட் 12, திங்கள்

பள்ளிக்கூடத்திலிருந்து பெவ். "ஆளே கெடைக்கலை. ஓட்டுறியா? உன் பழைய ரூட்தான்."

"கென்ட்ரா?"

"கேட்டாங்க. வேணாம்னு சொல்லலை. வேணும்னும் சொல்லலை."

முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். சரி என்று வந்தது.

ஆகஸ்ட் 21, புதன்

முதல் நாள். கரையை வெட்டிவிட்டார்கள். அந்த இடைவெளி வழியே பார்த்தால் அந்தப்பக்கம் எங்கள் வீட்டுக் கூரை தெரிகிறது. அந்த நிறுத்தத்தில் இனி பயப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறந்தேன்.

ரோமன் என்னைப் பார்க்காமல் கடைசி சீட்டுக்குப் போனான். ஹேலி "குட் மார்னிங்" சொல்லலாமா என்று அண்ணன் முகத்தைப் பார்த்தாள், அப்புறம் மெதுவாகச் சொல்லிவிட்டாள்.

பஸ்ஸை எடுத்ததும் கண்ணாடியில் பார்த்தால் கென்ட்ராவின் நீல வண்டி பின்னால். நான் நின்ற இடமெல்லாம் அதுவும் நின்றது. பள்ளிக்கூட வாசல்வரை வந்து, பிள்ளைகள் உள்ளே போனதைப் பார்த்துவிட்டுத் திரும்பியது. சாயங்காலமும் அப்படியே. ராத்திரி முழுக்க வேலை பார்த்தவள். எப்போது தூங்கினாள்?

ஆகஸ்ட் 22, வியாழன்

இன்றும்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

இன்றும். மற்ற ஓட்டுநர்கள், "உனக்குக் காவல் போட்டிருக்காங்களா?" என்று சீண்டுகிறார்கள். ஆமாம் என்றேன். மஞ்சள் விளக்கு எரிவதற்கு முன்பே நிறுத்துகிறேன். ரயில் தண்டவாளத்தைக் கடக்குமுன் கதவைத் திறந்து ரயில் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்டு, மறுபடி கேட்டு, அப்புறம்தான் போகிறேன். அவள் பார்க்கிறாள் என்பதற்காகவா? ஆரம்பத்தில் அதற்காகத்தான்.

செப்டம்பர் 9, திங்கள்

மழை. நல்ல மழை. ஓடை சத்தமாக ஓடியது, ஓடவேண்டிய மாதிரி. நீல வண்டி வைப்பரைப் போட்டுக்கொண்டு பின்னாலேயே வந்தது. ஒரு சிக்னலில் கண்ணாடியில் அவள் கொட்டாவி விடுவது தெரிந்தது. இறங்கிப்போய், "வீட்டுக்குப் போம்மா, தூங்கு" என்று சொல்லவேண்டும் போலிருந்தது. அதைச் சொல்ல நான் யார்?

செப்டம்பர் 17, செவ்வாய்

இன்று காலை கண்ணாடியில் யாருமில்லை.

அடுத்த நிறுத்தத்திலும் பார்த்தேன். இல்லை. வண்டி கெட்டுவிட்டதோ, உடம்புக்கு ஏதாவதோ என்று எனக்கு அடித்துக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் எல்லாரும் இறங்கும்போது ஹேலியைக் கேட்டேன், "அம்மாவுக்கு என்ன ஆச்சு, காணோமே?"

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, "ஒண்ணும் ஆகலையே. அம்மா தூங்கப் போயிட்டாங்க, மிஸ் ஆர்லீன்" என்றாள்.